நூற்று முப்பத்தேழாம் கல்

நெடுவாய் ஆற்றின் மணல்திட்டில் இவ்வாண்டின் பெயரழைப்பு முடிந்து பதினோரு நாழிகை சென்ற பொழுதில், ஆழ்துறை நாட்டுத் தலைநகரிலுள்ள நம் தூதகத்திலிருந்து, தூதர் வெண்ணிநங்கை பணிந்து எழுதும் ஓலை.

உப்பும் முத்தும் விளையும் வெண்மணல் நாட்டின் கோமகள், ஏழு துறைகளுக்கும் உரியவர், போரை நிறுத்தி ஆற்றைத் திறந்தவர், செங்கோதையார் திருமுன் இது சேர்க. தங்கள் நாட்டில் மழை காலம் தவறாது பெய்க. ஊர்க்கதவுகள் பகலெல்லாம் திறந்தே இருக்க. ஓலை சுமந்து வருபவருக்கு வாயிலில் நிழலும் நீரும் கிடைக்க.

ஏடுகள் ஆறு. முதல் ஐந்தும் தங்கள் கண்களுக்கு மட்டும் உரியவை. ஆறாவது ஏடு தனி நூலால் கட்டப்பட்டுள்ளது. அதைப் பற்றி ஐந்தாம் ஏட்டின் முடிவில் எழுதியுள்ளேன்.

முதலில் வழக்கமான செய்திகள். இங்குள்ள கயிற்றுச் சேரியில் நம் குடிகள் இருநூற்று எண்பத்தாறு குடும்பத்தார் நலமாக உள்ளனர். இவ்வாண்டு பிறந்த குழந்தைகள் முப்பத்தொருவர், இறந்தோர் ஒன்பதின்மர். ஒன்பதின்மரின் சாம்பலும் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. படகு கவிழ்ந்த வழக்கில் சிறைப்பட்ட இருவர் ஆழ்துறை மன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். இவற்றில் குறையில்லை.

இனி, குறையைச் சொல்கிறேன். இருநூற்றுப் பதினோரு நாள் நான் தங்களுக்கு ஒரு செய்தியை எழுதாமல் வைத்திருந்தேன். எழுதத் தொடங்கி மூன்று ஏடுகளை முறித்துப் போட்டேன். இது என் பிழை. தூதகத்தில் வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

தாங்கள் அறிந்ததே எனினும், ஆறாம் ஏட்டை அவைக்கு விளக்கப்போகும் அமைச்சர் புதியவர்; அவருக்குத் தாங்கள் எடுத்துச்சொல்ல ஏதுவாகச் சமகல் உடன்படிக்கையைச் சுருக்கி எழுதுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் துறைப்போர் நின்றபோது, இறந்தோர் எண்ணிக்கை இருபக்கமும் சமம் என்று கண்டு, ஒருவர்மேல் ஒருவர்க்குப் பழியில்லை என இரு நாடுகளும் சூளுரைத்தன. நம் பக்கம் இருநூற்றுப் பதினான்கு, அவர்கள் பக்கமும் இருநூற்றுப் பதினான்கு. மணல்திட்டில் அத்தனை கற்கள் இரு குவியலாக உள்ளன. ஆண்டுதோறும் நம் தூதர் நம்மவர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்க, வடகரையில் நிற்கும் ஆழ்துறை மக்கள் ஒவ்வொரு பெயருக்கும் ‘கேட்டோம்’ என்பார்கள். பிறகு அவர்கள் தம்மவரை அழைக்க, நம் கயிற்றுச் சேரி மக்கள் ‘கேட்டோம்’ என்பார்கள். எண்ணிக்கை என்றேனும் சமமில்லை என்று தெரிந்தால் துறை மூடப்படும். அந்தந்த நாட்டுக் குடிகள் பதினைந்து நாளில் தத்தம் நாடு திரும்ப வேண்டும்.

சென்ற ஆண்டுப் பெயரழைப்புக்குப் பின், உப்பங்கழி ஊரிலிருந்து பூங்காழி என்னும் பெண்ணின் வீட்டார் தூதகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். அவள் தந்தை வில்லாளர் அழிசி துறைப்போரில் இறந்தவர். அப்போது அவள் கருவில் இருந்தாள். அவளுக்கு மணம் உறுதியாகியிருந்தது. போரில் தந்தையை இழந்தவளின் மணப்பந்தலில் தந்தையின் இடத்தில் அவர் கல்லை வைப்பது நம் வழக்கம். அழிசியின் கல் வரிசையில் நூற்று முப்பத்தேழாவது. அடுத்த பெயரழைப்பு முடிந்த பின்பே கல்லை எடுக்கலாம் என்று பதில் எழுதி, அப்போது கல்லைச் சுமந்து செல்ல ஓர் ஆள் வேண்டும் எனக் கயிற்றுச் சேரியில் பறையறைவித்தேன்.

மறுநாள் காலை ஒருவர் வந்தார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். கயிற்றுச் சேரிக்காரர் அல்லர். வடகரை மீனவர்போல் உடுத்தியிருந்தார். கல்லைத் தாம் சுமப்பதாகச் சொன்னார். கடவோலைக்குப் பெயர் கேட்டேன். சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, கல்லுக்குரியவரின் பெயரையே சொன்னார்.

நான் உடனே நம்பவில்லை. மூன்று வகையில் சோதித்தேன். மனைவி பெயரைச் சொன்னார். அம்பு பாய்ந்த வடுவைக் காட்டினார். அவர் படைப்பிரிவினர் மட்டும் வில்நாணில் இடும் முடிச்சைக் கேட்டபோது, என் எழுத்தாணி உறையின் கயிற்றை எடுத்துப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். மூன்றும் சரியாக இருந்தன.

ஆறு அவரை அடித்துச் சென்றிருக்கிறது. வடகரை மீனவர் எடுத்துப் பிழைக்க வைத்திருக்கின்றனர். முதல் ஆண்டு படுக்கையிலேயே கழிந்தது. எழுந்து நடமாடத் தொடங்கிய பின் முதன்முதலாகப் பெயரழைப்புக்குப் போனவர், தம் பெயர் அழைக்கப்படுவதைத் தாமே கேட்டார். பக்கத்தில் நின்றவர் உடன்படிக்கையை விளக்கியிருக்கிறார். அன்று முதல் பதினேழு முறை, தம் பெயருக்குத் தாமே ‘கேட்டோம்’ என்று சொல்லிவந்திருக்கிறார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

“வருசத்துக்கு ஒருக்கா செத்துட்டு, வீட்டுக்குப் போயி மீன் குழம்பு சாப்பிடுவேன், தூதம்மா. பழகிப்போச்சு. ஆனா எம்மக கல்யாணத்துல கல்லா உக்காந்திருக்க மட்டும் மனசு வரல. அதான் தூக்கிட்டாச்சும் போறேன்னு வந்தேன்.”

மகளிடம் நீர் யாரென்று சொல்வீரா என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். சொன்னால் கயிற்றுச் சேரியே மூட்டை கட்ட வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லைப் பந்தலில் வைத்துவிட்டு, வந்தவர்களோடு உண்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொன்னார்.

ஒரு பக்கம் இருநூற்று எண்பத்தாறு குடும்பங்கள். மறு பக்கம் ஒரு மனிதர். எப்படி எண்ணிப் பார்த்தாலும் விடை ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மறுபடி எண்ணினேன்.

இன்று காலை மணல்திட்டில் நின்று பெயர்களை அழைத்தேன். நூற்று முப்பத்தாறு பெயர்களுக்கும் மறுமொழி வந்தது. நூற்று முப்பத்தேழாவதாக அழிசியின் பெயரை அழைத்தேன். வடகரை பேசவில்லை. காற்றில் கேட்கவில்லை போலும் என்று மீண்டும் அழைத்தேன். ஏறத்தாழ எண்ணூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றனர்.  கல்லைத் தனியே வைத்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றேன். அதற்கு ‘கேட்டோம்’ என்றனர்.

சடங்கு முடிந்ததும், தூதருக்குரிய முறைப்படி விளக்கம் கேட்க, ஆழ்துறை நாட்டின் பெயர்க்காவலர் கழாத்தியாரிடம் சென்றேன். அந்நாட்டு இறந்தோர் பெயர்ப்பட்டியலைக் காப்பவர் அவர். கற்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு கல்லைக் கொடுத்து நானும் கழுவ வேண்டும் என்றார்.

“உசுரோட இருக்கிறவனுக்கு எத்தன வருசம் பொய் சொல்றது?” என்றார். “கரை முழுக்கத் தெரியும், தூதம்மா. அவன் தன் பேருக்குத் தானே கத்துறப்ப பின்னால நின்னு சிரிக்காதவன் யாரு? மக கல்யாணம்னு கேள்விப்பட்டோம். அதுக்கப்புறம் சிரிப்பு வரல.”

அவர்கள் ஏன் இத்தனை ஆண்டு வெளியே சொல்லவில்லை என்று கேட்டேன். நம் நாட்டு உப்பளங்களில் அவர்கள் குடிகள் நானூறு பேர் வாழ்கின்றனர். நான் அஞ்சியதையே அவர்களும் அஞ்சினர் என்றார். அப்படியானால் இன்று மட்டும் அச்சம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்:

“எங்க பக்கம் இருநூத்திப் பதிமூணுதான். ஒரு கல்லு கொறைஞ்சுதுன்னு ஒன்பது நாளாப் பேச்சு முடியல. பொணம் நாறுது. நான் அப்ப சின்னப்பொண்ணு, கல்லு எண்ணிப் போடுற வேலை. ஓடக்காரர் நாய் ஒண்ணு துறையில அம்பு பட்டுச் செத்துக் கெடந்துச்சு. செவலைன்னு பேரு. அதுக்கும் ஒரு கல்லு போட்டேன். சமம்னுட்டாங்க. சண்ட நின்னுருச்சு.”

அவர்கள் பட்டியலின் கடைசிப் பெயர் ‘துறைவாழ் செவலை, உறவினர் இல்லை’ என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உறவினர் இல்லாதவர் என்பதால் நம் கயிற்றுச் சேரிப் பெண்கள் ஆண்டுதோறும் அவருக்கென்று தனியே சோறு படைத்துவருகின்றனர். இதைக் கழாத்தியாரிடம் சொன்னேன். தமக்குத் தெரியும் என்றார். “அதப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது? முதல் வருசமே சொல்லியிருக்கணும்,” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகவே உண்மை எண்ணிக்கை நம் பக்கம் இருநூற்றுப் பதின்மூன்று, அவர்கள் பக்கம் இருநூற்றுப் பதின்மூன்று. சமகல் சமமாகவே உள்ளது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் உண்மையைச் சொன்னால் கெட்டுவிடும். இருபக்கமும் ஒரே பொழுதில் சொல்லவேண்டும். வரும் முழுநிலா நாள் நண்பகலில் ஆழ்துறை மன்றத்தில் செவலையைப் பற்றி உரக்கச் சொல்வதாகக் கழாத்தியார் தம் வேந்தரிடம் ஒப்புதல் பெற்று, எனக்குக் கல்லின்மேல் கைவைத்து உறுதி தந்துள்ளார். அதே நாளில் அதே பொழுதில் நம் அவையிலும் ஆறாம் ஏடு வாசிக்கப்பட வேண்டும் என்பது என் விண்ணப்பம். மணநாள் அதற்குப் பதினாறு நாள் பின்னால்.

தங்களுக்கு இது ஏற்பில்லையெனில் ஆறாம் ஏட்டின் நூலை அவிழ்க்காமல் திருப்பியனுப்புக. தங்கள் ஒப்புதல் கிடைத்த பின்னரே கழாத்தியாரும் மன்றத்தில் பேசுவார். நூற்று முப்பத்தேழாம் கல் இவ்வோலையுடன் வருகிறது. அது பந்தலுக்குப் போகும், யாரும் எதுவும் அறியமாட்டார்கள். சுமந்து வருபவரின் கடவோலையில் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுள்ளேன். ஆறாம் ஏடு வாசிக்கப்படும்வரை அவரிடம் யாரும் பெயர் கேட்க வேண்டாம். செய்தியை மறைத்ததற்கான தண்டனை எதுவாயினும் ஏற்கிறேன்.

ஆற்றுநீர் தணிந்தே ஓடுக. இரு கரையும் நிலைக்க. இங்ஙனம் வெண்ணிநங்கை, இரட்டைச் சங்கு முத்திரையிட்டு.

ஆறாம் ஏடு. கோமகளின் ஒப்புதலோடு, முழுநிலா நாள் நண்பகலில், ஓலை வாசிப்பவர் எழுந்து நின்று, வாயிற்கதவுகளைத் திறக்கச் செய்து, வெளியே நிற்பவர்க்கும் கேட்கும்படி இதை உரக்க வாசிக்கக் கடவர்:

உப்பங்கழி ஊரினர், வில்லாளர் அழிசி இறக்கவில்லை. கல்லுடன் வாயிலில் நிற்பவர் அவரே.