புட்டி இல்லாத பெட்டி

கலாமா, 3 மே 1993

அன்புள்ள மிரெயாவுக்கு,

பதினான்காம் புட்டி இத்துடன் வருகிறது. சுரங்கத்து அரவை ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேரிங் எண்ணெய் சூடாக இருக்கையில், வடிகட்டிக்கு முன்னால் பிடித்தேன். எல்லாம் நீ சொன்னபடிதான்.

போன தடவை ஆய்வகச் சீட்டு மட்டும் வந்தது. "இரும்பு 18, வெள்ளீயம் 6." அவ்வளவுதான். நீ தெற்கே படிக்கப் போய் இரண்டு வருஷம். பிரிந்தே இருந்தாலும் கட்டிய புருஷனுக்கு ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

இங்கே காற்று ஓயவில்லை. ரொட்டி ஒரே நாளில் கல்லாகிவிடுகிறது. ஒருத்தனுக்கு ஒரு ரொட்டி அதிகம். பாதி கேட்டால் கடைக்காரன் முறைக்கிறான்.

நிபால்தோ

கொன்செப்சியோன், 12 மே

நிபால்தோ,

கோபிக்காதே. இங்கே பத்து நாளாக மழை, வேலையும் அப்படித்தான் கொட்டுகிறது.

நல்ல செய்தி. புதுப் பேரிங் தேய்ந்து எண்ணெயில் கலக்கும் உலோகத்தூள் முதலில் துள்ளும். எண்ணெய்ப் படலம் சீராகப் பரவியதும் ஓர் அளவில் நிற்கும். அந்த நிலை எப்போது வரும், வந்தது நிலைக்குமா என்பதுதான் என் சமன்பாடு. அது சொன்ன இடத்திலேயே உன் எண்கள் நிற்கின்றன! இன்னும் இரண்டு புட்டி போதும். செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன். அப்புறம் உனக்கு இந்தத் தொல்லை இல்லை.

மிரெயா

கலாமா, 17 மே

மிரெயா,

பதினைந்தாம் புட்டி. தொல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

நிபால்தோ

கொன்செப்சியோன், 29 மே

அன்புள்ள நிபால்தோ,

இரும்பு 41! என்ன நடந்தது? எண்ணெய் மாற்றினீர்களா? சூடு ஏறியதா? தண்ணீர் கலந்ததா? பின்னால் மூன்று பக்கத்தில் பதினோரு கேள்வி எழுதியிருக்கிறேன். ஒன்றையும் விடாமல் பதில் எழுது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, இது பேரிங்கா, பேயா?" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

மிரெயா

கலாமா, 7 ஜூன்

அன்பே மிரெயா,

நான்கு பக்கம்! பக்கத்து வீட்டு எதுவினா அக்கா தபாலைக் கொடுக்கும்போதே, "பொண்டாட்டி எழுதிட்டாளாக்கும்? மூஞ்சியப் பாரு, பல்பு எரியுது!" என்று கத்தினாள். "சும்மா இரு அக்கா, ஆபீஸ் விஷயம்" என்றேன். "ஆபீஸ் விஷயத்துக்குத்தான் தலை சீவிக்கிட்டியா?" என்றாள்.

பதினோரு கேள்விக்கும் பதில் தனித்தாளில் இருக்கிறது. இருமல் பரவாயில்லை. நீ கேட்டதே போதும். பதினாறாம் புட்டி இத்துடன்.

உன் நிபால்தோ

கொன்செப்சியோன், 2 ஆகஸ்ட்

அன்புள்ள நிபால்தோ,

இருபதாம் புட்டியில் 66. பழைய சமன்பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதிதாக ஒன்று எழுதினேன், அதுவும் நிற்கவில்லை. செப்டம்பர் கைவிட்டுப் போனது. இனி அடுத்த வருஷம்தான், அதற்கும் உதவித்தொகை கிடைக்குமோ என்னவோ. பேரிங்கை நேரில் பார்த்தே ஆகவேண்டும். செப்டம்பர் 18 சுதந்திர தின விடுமுறைக்கு வருகிறேன். பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. நம் வீட்டில் இடம் இருக்குமா?

மிரெயா

கலாமா, 9 ஆகஸ்ட்

மிரெயா,

இடமா கேட்கிறாய்? தரை கழுவியாயிற்று, கம்பளியை வெயிலில் போட்டாயிற்று. அன்றைக்கு இரண்டு ரொட்டி வாங்குவேன்.

நிபால்தோ

கொன்செப்சியோன், 6 செப்டம்பர்

நிபால்தோ,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பேரிங்கின் உள்பூச்சு வெள்ளீயம். இரும்புக்கு முன்னால் அதுதான் தேயவேண்டும். ஆறு புட்டியிலும் வெள்ளீயம் அதே 6, அசையவே இல்லை. நேற்று நுண்ணோக்கியில் பார்த்தேன். துகள்கள் சுருள் சுருளாக, அரத்தின் பல் பதிந்து கிடந்தன.

முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும். ஆனால் உன் கை சுத்தம் என்று நம்பினேன். உன் புட்டியைச் சந்தேகிக்காமல் என் கணக்கைச் சந்தேகித்தேன். நான் கிழித்துப் போட்டதுதான் சரியான சமன்பாடு.

பாவி மனுஷா, ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே! "தனியாக இருக்கமுடியவில்லை, வா" என்று எழுதியிருந்தால் வந்திருப்பேனோ என்னவோ. இப்போது அது எனக்கே தெரியாது.

இனி புட்டி அனுப்பாதே.

மிரெயா

கலாமா, 20 செப்டம்பர்

மிரெயா,

செய்தேன். இரண்டு புட்டி போதும் என்றாயே, அந்த இரவே அரத்தை எடுத்தேன், அராவிய தூளைப் புட்டியில் போட்டேன். புட்டி நின்றால் நீயும் நின்றுவிடுவாய் என்று பயந்துபோனேன். உன் படிப்பு கெடும் என்று தெரியாதா என்று கேட்பாய். தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அராவியது, நீ போகும்போது மேஜைமேல் வைத்துவிட்டுப் போன வீட்டு இரும்புச் சாவியை. அது இப்போது பூட்டில் சேராது. கதவை நான் பூட்டுவதும் இல்லை.

நான் செய்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஆபீசுக்குப் போனேன். "உள்ள என்ன சார், வழக்கம்போல எண்ணெயா?" என்றான் பார்சல் வாங்கும் பையன். "இல்லப்பா, கடுதாசி மட்டும்தான்" என்றேன். "அதுக்கு எதுக்குப் பெட்டி?" என்று சிரித்தான். எனக்கு வேறு விதமாக அனுப்பத் தெரியவில்லை.

தனியாக இருக்கமுடியவில்லை. வா.

நிபால்தோ

ஆய்வகச் சீட்டு
4 அக்டோபர் 1993

மாதிரி எண்: இல்லை
இரும்பு: —
வெள்ளீயம்: —
குறிப்பு: பெட்டி வந்தது. உள்ளே புட்டி இல்லை. கடிதம் இருந்தது, படித்தேன். ஆய்வுத் திட்டம் முடிந்தது. இனி சீட்டும் வராது.

மி.