கூட்டில் இருந்தது வேறு வகை

நிலுக்ஷியின் அம்மாவுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். கோழிகளைப் பற்றித்தான்.

இரத்தக் கழிச்சலில் ஐந்து குஞ்சுகள் செத்த அன்று, தடுப்பு மருந்தை நீ தண்ணீரில் சரியாகக் கலக்கவில்லை என்று லயத்து வீடுகள் எல்லாம் கேட்கக் கத்தினேன் அல்லவா? நீ பிள்ளையோடு கொஸ்லந்தைக்கு, உன் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிய மறுநாள், மிருக டாக்டரம்மா இங்கே மடுல்சீமைக்கு வந்தார். மிச்சக் குஞ்சுகளுக்கு வேறு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார். எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பினார். நேற்று வந்து முடிவைச் சொன்னார்.

"குடல்ல இருக்கிற ஒட்டுண்ணியும் தடுப்பு மருந்துல இருக்கிறதும் ஒரே இனம்தாங்க. ஆனா மரபணுவுல வித்தியாசம் இருக்கு. தடுப்பு மருந்துக்குத் தெரிஞ்ச வகை வேற, உங்க கூட்டுல இருக்கிறது வேற. அதான் மருந்து சரியாப் பிடிக்கல."

"அப்ப என் சம்சாரம் கலந்தது?"

"சரியாத்தான் கலந்திருக்காங்க."

அன்று நான் கத்தியதைக் கேட்ட பக்கத்துக் காம்பரா வீட்டு றோசாலி அக்கா சிரித்த சிரிப்பில் கோழிகள் மிரண்டு ஓடின.

"சம்சாரத்து மேல தப்பில்லன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தாங்க. நான் சொன்னா நம்பமாட்டா" என்று டாக்டரம்மாவைக் கெஞ்சினேன்.

"அது கோழி வைத்தியத்துல வராதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அதனால் நானே எழுதுகிறேன்: தப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். எந்த பஸ்ஸில் வந்தாலும் சரி.

பிள்ளையின் அப்பா