வில்பட்டைக் கொக்கி குடித்த வாயு

என் ராசு அண்ணனுக்கு,

1943, ஆடி 12, காலை ஒன்பதே கால் மணி. ஆறு கொக்கியில் முறிந்தவை மூன்று, முறியாதவை மூன்று. மூன்றாவது கொக்கி இப்போதுதான் விழுந்தது. யாரும் தொடவில்லை. நேற்றுக் காலை கட்டித் தொங்கவிட்ட கல்லோடு தானாகவே போனது. பஞ்சுப் பொதி உன் தலைமேல் இறங்கிய அன்றும் இப்படித்தானே?

கிடங்கு மேஸ்திரி பதிவேட்டில் உன் சாவுக்கு ஒரே வார்த்தை எழுதியிருக்கிறார்: "கைப்பிசகு." கொக்கி அடித்த நீயே பதம் தவறவிட்டாயாம். "அவுரு கை பிசகாது சாமி" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பதம் சரியாகத்தான் இருந்தது. உலக யுத்தத்தில் புது இரும்பு கிடைக்காமல், பழைய லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டையைக் கொக்கியாக அடித்தாய். துருப் போக அமிலத் தொட்டியில் போட்டாய். நுரை அடங்கினால்தான் இரும்பு சுத்தம் என்று நம்ம பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டே, அதை நம்பி இரண்டு நாள் ஊறவிட்டாய். அந்த நுரைதான் ஹைட்ரஜன். எல்லாம் மேலே போய்விடாது. கொஞ்சம் எஃகுக்குள் நுழையும். வில்பட்டை மாதிரி கெட்டியான எஃகென்றால் உள்ளேயே விரிசல் விடவைக்கும்.

கல்லூரியில் பல்லேடியம் என்ற உலோகத் தகடு தன் பருமனைப்போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். சூடாக்கினால் கக்கிவிடும். அதை நினைத்துத்தான் அதே வில்பட்டையில் ஆறு கொக்கி அடித்து, உன்னைப் போலவே ஊறப்போட்டேன். மூன்றை மட்டும் ரொட்டிக்கடை அடுப்பில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். நிற்பவை அந்த மூன்றும்தான்.

நேற்றே மேஸ்திரியிடம் போய், கொக்கி வாயுவைக் குடித்துத்தான் முறிந்தது என்றேன்.

"ஏனுங்க தம்பி, இரும்பு என்ன எருமையா, குடிக்கறதுக்கு?"

கிடங்கே சிரித்தது.

"எருமை குடிச்சா வயிறு காட்டிக் குடுத்துரும். இது காட்டாதுங்க. அதே தொட்டியில ஊறின எட்டுக் கொக்கி மேல தொங்குது, கழட்டுங்க."

"பரிச்சை பாஸ் பண்ணுனா பொதி தானா ஏறிக்குமாக்கும்?"

அந்த எட்டும் இன்னும் தொங்குகின்றன, அண்ணா. கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

உன்மேல் பிசகே இல்லை என்று பூசி மெழுகமாட்டேன். ஊறவிட்டது நீதான். ஆனால் தொட்டியைக் காட்டி, "ஏன்டா இப்படிப் பொங்குது?" என்று என்னைக் கேட்டாய். எனக்கு பஸ்ஸுக்கு அவசரம். "ஹைட்ரஜன். பறந்து போயிரும், உடு" என்றேன். ஒரு நிமிஷம் நின்று மீதியையும் சொல்லியிருந்தால்? படித்தவன் சொல்கிறானே என்றா நீ மறுபடி கேட்கவில்லை?

உனக்கு நான் தரும் வாக்கு இவ்வளவுதான்:

1. இன்றைக்கே ஏணி போட்டு எட்டையும் கழற்றுவேன். மேஸ்திரி தடுத்தால், முதல் பொதிக்குக் கீழே அவரையே நிற்கச் சொல்வேன்.

2. எட்டையும் சம்மட்டியால் உடைத்துப்போடுவேன். விட்ட விரிசலை எந்தச் சூடும் ஒட்டவைக்காது. புதிதாக அடிப்பவற்றை அமிலத்திலிருந்து எடுத்த கையோடு அடுப்பில் வைப்பேன்.

3. "கைப்பிசகு" என்பதை அடித்துத் திருத்தவைப்பேன். "ஹைட்ரஜன் ஏறிய எஃகு முறிந்தது" என்று எழுதும்வரை கிடங்கு வாசலை விட்டு நகரமாட்டேன்.

4. நீ கேட்டதையும் நான் சொன்னதையும் அண்ணியிடம் நானே சொல்வேன். அதன்பிறகு அவர் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

உனக்கு நேர் இளையவன்,
பழனிச்சாமி