முன் சிலிண்டரா, பின் சிலிண்டரா

ஞாயிறு, 20 ஆகஸ்ட் 2006

படுத்தும் தூக்கம் வரவில்லை. காதில் அந்தச் சத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நண்பன் நசீர் தன் குரோம்பேட்டை ஷெட்டில் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள் சிலிண்டர்களை ‘வி’ வடிவில் இணைத்துக் கட்டி, ஒரு பைக்கில் பொருத்திய எஞ்சின். அவற்றில் பெட்ரோல் சம இடைவெளியில் வெடிக்காது. ஒரு இடைவெளி குறைவு, அடுத்தது அதிகம். கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலையும் தீப்பொறியையும் நேரம் பார்த்துக் கொடுக்கும் ஈசியு என்ற கணினிப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டி, இரண்டு இடைவெளிகளையும் லேப்டாப்பில் நான்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு வாரமாகக் கிக்கரை உதைத்தால் ஏர் ஃபில்டர் வழியாக நெருப்புதான் வந்தது.

“மச்சான், இன்னிக்கும் ஓடலன்னா பழைய கார்புரேட்டரையே மாட்டிடுவேன்” என்றான் நசீர்.

வயரைப் பார்த்தபடி கேட்டேன்: “ஒண்ணாம் நம்பர் சிலிண்டர் எதுடா?”

“பின்னாடி இருக்கறது. சீட்ல உக்காந்து எண்ணினா அதானே ஃபர்ஸ்ட்டு?”

அடப்பாவி! நான் முன்சக்கரத்திலிருந்து எண்ணியிருந்தேன். லேப்டாப்பில் இரண்டு இடைவெளிகளையும் இடம் மாற்றினேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. டக்டக்... டக்டக்...

பக்கத்து வீட்டு மேரி அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். “இன்னா நசீரு, வண்டி இன்னும் திக்கிகினே கீது?”

“திக்கணும்கா!” இருவரும் ஒன்றாகக் கத்தினோம். “இது இப்படித்தான் திக்கணும்!”