தட்டு கழுவும் மிஷின் நின்றுபோன வாரம்

12-11-73, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குவார்ட்டர்ஸ் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். செந்திலைப் பக்கத்து வீட்டு மேரியக்காவிடம் விட்டுவிட்டு ஃபாக்டரி கேன்டீன் போய்ச் சேர்ந்தபோது புடவை முழங்கால்வரை ஈரம்.

போனதும் முதல் செய்தி. தட்டு கழுவும் மிஷினில் தண்ணீர் வடியவில்லை. காலை டிபன் தட்டுகளைக் கழுவி முடித்துக் கதவைத் திறந்தால், உள்ளே பாதித் தொட்டிக்கு அழுக்குத் தண்ணீர். கறிவேப்பிலை மிதக்கிறது. சாம்பார் நாற்றம்.

போன வருஷம் மரப்பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வந்த மிஷின். அதற்கு முன்னால் குழாயடியில் நாலு பெண்கள் உட்கார்ந்து கழுவினார்கள். முனியம்மா அதில் ஒருத்தி, திருவேற்காட்டிலிருந்து வருகிறவள். இப்போது காய் நறுக்குகிறாள். எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கும் நம்மளாட்டம் மய ஒத்துக்கல போலகீது" என்றாள்.

சல்லடையைக் கழற்றினோம். முருங்கைக்காய் நார் ஒரு கைப்பிடி. கழுவி மாட்டி ஓடவிட்டால் அதே கதை. மெயின்டெனன்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். யாரும் வரவில்லை. மத்தியானத் தட்டு முழுக்கக் கையால். சூப்பர்வைசர் என்று நின்று பார்க்க முடியுமா, நானும் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை, செந்திலின் அப்பா, வருகிறார், புது மனைவியோடு. ஞாயிறு செந்திலைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறார்கள். எழுதிப் பார்த்தால் மனது பழகுமோ என்று எழுதுகிறேன். பழகவில்லை.

வாங்க: கம்பளித் தொப்பி (அங்கே குளிருமாம்). ரப்பர் ஷீட். கிரைப் வாட்டர். சின்னத் தகரப் பெட்டி.

13-11-73, செவ்வாய்

தூறல். கை விரலெல்லாம் சோடா பவுடரில் வெந்து உரிகிறது.

ஃபிட்டர் தேவராஜ் வந்தார். வெள்ளானூர்க்காரர். பேச்சு குறைவு, பீடி அதிகம். பின்னால் போகும் ரப்பர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பம்பைத் திறந்தார். உள்ளே சுற்றுகிற சின்ன விசிறியில் ஒரு மாங்கொட்டை, ஊறுகாயிலிருந்து வந்தது, கச்சிதமாக மாட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒருத்தி டீ போட்டுக் கொடுத்தாள். மூடி, தண்ணீர் நிரப்பி, பட்டனை அழுத்தினால், பம்பு சத்தம் ஜோராக வருகிறது. தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கிறது. தேவராஜ் டீயைக் குடிக்காமலே போனார்.

வீட்டுக்கு வந்து செந்திலுக்குப் பாடம். "பெரியம்மா சொல்லு." இரண்டரை வயது. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. என் தங்கை சாரதா அவனைப் பெற்ற ஐந்தாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். அன்றிலிருந்து இங்கேதான். பேச்சு வந்தபோது அவனாகவே அம்மா என்றான். நானும் திருத்தவில்லை.

இனி அங்கே ஓர் அம்மா இருக்கிறாள். இரண்டு அம்மா என்றால் குழந்தைக்குக் குழப்பம்.

"பெரியம்மா."

"அம்மா பெரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். விளையாட்டு என்று நினைக்கிறான்.

14-11-73, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி அரைகுறையாகக் காய்ந்தது.

மானேஜர் கத்தினார். இத்தனை விலை கொடுத்து வாங்கிய மிஷின், இரண்டு நாளாகச் சும்மா கிடக்கிறதாம். நான்தான் ஏதோ போட்டு அடைத்தமாதிரி பார்வை.

தேவராஜ் திரும்ப வந்தார். இந்தத் தடவை மிஷினைத் தொடவே இல்லை. பின்னால் சுவருக்குள் போகிற குழாயைக் கழற்றி, அதில் ஒரு வாளித் தண்ணீரை நேரே ஊற்றினார். கொஞ்சம் உள்ளே போயிற்று. அப்புறம் மெதுவாக மேலே ஏறி, அவர் காலில் வழிந்தது.

"மிஷின் மேல தப்பு இல்லமா. அது தள்ளிகினுதான் கீது. வெளிய வாங்கிக்க மாட்டேங்குது" என்றார்.

வெளியே லைனைத் திறக்க ஆள் வேண்டும். நாளைக்கு என்றார்.

மேரியக்கா பொரித்த மீன் அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி. அப்போதே மாப்பிள்ளையை நீ கட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பிரிவு எதற்கு என்று. அவருக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு, அதனால் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். யாராவது எடுத்திருந்தால் பிள்ளைக்காகச் சரி என்றிருப்பேன். அதை மேரியக்காவிடம் சொல்லவில்லை.

15-11-73, வியாழன்

ஆள் வரவில்லை. இன்றும் தட்டு கையால்தான். பெரிம்மா என்று இரண்டு தடவை சரியாகச் சொன்னான். தூக்கிக் கொஞ்சினேன். பிறகு ஏன் கொஞ்சினேன் என்றிருந்தது.

16-11-73, வெள்ளி

கேன்டீன் பின்பக்கம் சிமெண்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். தொட்டி முழுக்க வெள்ளையாகக் கொழுப்பு. தினமும் தட்டோடு போகிற எண்ணெய், டால்டா எல்லாம் இந்த மழைக் குளிரில் உறைந்து, குழாயின் வாய்வரை மெழுகு மாதிரி. மூங்கில் பிளாச்சை விட்டு இடித்தார்கள். முனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கொதிநீர் கொண்டுவந்து ஊற்றினாள், சோடா போட்டு, அண்டா அண்டாவாக. பதினோரு மணிக்குத் தடதடவென்று ஒரு சத்தம். எல்லாம் போயிற்று.

மிஷினைப் போட்டோம். வடிந்தது. மத்தியானத் தட்டு மிஷினில். மானேஜர் வந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெட்டியில் அடுக்கினேன். சட்டை, டிராயர், கம்பளித் தொப்பி. மர யானையை வைத்தேன். எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தேன். அவனுடையதுதானே.

மாப்பிள்ளையிடம் கேட்பது என்று முடிவு. இன்னும் ஒரு வருஷம். கேட்டால் என்ன குறைந்துவிடும்.

17-11-73, சனி

ராத்திரி முழுக்கக் கனமழை. காலையில் மிஷினைத் திறந்தால் பழையபடி தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மிஷினுக்காக இல்லை. தேவராஜ் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குழாயின் வெளிமுனை சாலையோர வாய்க்காலில் இருக்கிறது. மழையில் வாய்க்கால் ஏறி, முனை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. உள்ளிருந்து போவதற்கு வழியில்லை, வெளியே இருப்பதுதான் உள்ளே வருகிறது. முனையைத் தூக்கி வேறு பக்கம் திருப்ப வேண்டும், திங்கட்கிழமை செய்கிறேன் என்றார். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். பெண் பெயர் வசந்தா. இருபது இருக்குமா, சந்தேகம். வந்ததும் காலில் விழுந்தாள். காபி குடித்த டம்ளர்களை, நான் சொல்லாமலே, எடுத்துப்போய்க் கழுவினாள். வெறுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இடம் கொடுக்கவில்லை.

செந்தில் முதலில் என் முந்தானைக்குள். அப்புறம் அவளுடைய கண்ணாடி வளையல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் மடியில் போய் உட்கார்ந்தான்.

அவள் அவனோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையிடம் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டுமே, மாப்பிள்ளை."

நல்ல மனிதர். சாரதா போனபோது மூன்று மாதம் பேசாமலிருந்தவர்.

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும், அண்ணி. கேக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டிட்டே வந்தேன். மாசம் ஒருக்கா வர்றேன், ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து ஓடி ஒளியறான். இன்னும் ஒரு வருஷம் விட்டா, நான் யாருன்னு உங்களைக் கேப்பான்."

அவர் சொன்னது சரி. சரியாக இல்லாமலிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சாப்பிட்டபின் வசந்தா என் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன சாப்பிடுவான். (ரசம் சாதம், உருளைக்கிழங்கு. கத்தரிக்காய் துப்பிவிடுவான்.) எதற்குப் பயப்படுவான். (ரயில் ஊதினால். குடுகுடுப்பைக்காரன்.) சளி பிடித்தால் என்ன கொடுக்க. எல்லாம் சொன்னேன்.

"ராத்திரி முழிச்சு அழுதா என்ன பண்ணட்டும், அக்கா?"

"அழமாட்டான்" என்றேன்.

பொய். எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

18-11-73, ஞாயிறு

மழை விட்டிருந்தது.

தலைக்கு ஊற்றினேன். பவுடர் போட்டுக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மேரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிஸ்கட் பொட்டலம் கொடுத்தாள். அவன் அதை அப்போதே பிரிக்க வேண்டும் என்று அடம்.

ஆவடி ஸ்டேஷன். சென்ட்ரல் போகிற வண்டி தாமதம். மாப்பிள்ளை டிக்கெட் வாங்கப் போனார். வசந்தா பெட்டிமேல் உட்கார்ந்து அவனை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கே பயம், முகத்தில் தெரிந்தது. ராத்திரி வண்டியில் இவன் முழித்துக்கொண்டு வீறிட்டால் இந்தப் பெண் என்ன செய்யும். பெட்டியில் இருக்கிறவர்களெல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளையும் தவிக்கும், இவளும் தவிப்பாள்.

குனிந்து சொன்னேன். "நேத்து நான் சொன்னது பொய்ம்மா. நடுராத்திரி முழிச்சு அழுவான். தூக்கிக்காதே, பக்கத்துலயே படுத்துக்கோ. உன் காதைப் பிடிச்சுப்பான், பிடிச்சுக்கிட்டே தூங்கிடுவான். தோடு இருந்தா கையில குத்தும்."

அவள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அங்கேயே, பிளாட்பாரத்திலேயே, கல்யாணத் தோடு இரண்டையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாப்பிள்ளை டிக்கெட்டோடு வந்து, புதுப்பெண் காது வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

வண்டி வந்தது. அவன் அழுவான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்பான், பிரித்து எடுக்க வேண்டியிருக்கும் என்றெல்லாம் தயாராகப் போயிருந்தேன். ஜன்னல் ஓரம் கிடைத்ததில் அவனுக்கு ஒரே குஷி. வண்டி ஊதியபோது மட்டும் வசந்தாவின் தோளில் முகத்தைப் புதைத்தான். நகர ஆரம்பித்ததும் நிமிர்ந்து கையை ஆட்டினான்.

"பெரிம்மா, டாட்டா."

சுத்தமாகச் சொன்னான். ஒரு வாரமாக நான் சொல்லிக்கொடுத்தது.

நடந்தே வீடு. மேரியக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

19-11-73, திங்கள்

லேசான வெயில். கேன்டீன்.

தேவராஜ் சொன்னபடி வந்து, குழாயின் வெளிமுனையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, மழைக்கு நிரம்பாத பெரிய கால்வாய்க்குத் திருப்பிவிட்டார். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று தடவையும் அடிவரை வடிந்தது. இனி தொந்தரவு இருக்காது, மாதம் ஒரு தடவை கொதிநீர் ஊற்றுங்கள் என்றார். இன்று டீயைக் குடித்தார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மத்தியானம் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். முனியம்மா வந்து நின்றாள்.

"கொயந்த போய்ச்சாம்மா?"

"போயிட்டான்."

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அழுதேன். அவள் முந்தானையை விரித்து உதறுகிறமாதிரி எனக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டாள், மற்றவர்கள் பார்க்காதபடி. நான் முடிக்கிறவரை நின்றாள். பிறகு காய் நறுக்கப் போய்விட்டாள்.

20-11-73, செவ்வாய்

பனி. காலையில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார், குழந்தை ஊருக்குப் போய்விட்டதாமே, இனிமேல் காபிக்கு மட்டும் போதுமா என்று.

பாத்திரத்தை நீட்டினேன்.

"எப்பவும்போல ஊத்துங்க."

ஊற்றினார். காய்ச்சி ஆற வைத்திருக்கிறேன். எனக்குப் பால் குடிக்கிற பழக்கமே கிடையாது.