நாற்காலிக்குக் கயிறு அறுத்தோம்

நரின் ஆற்றங்கரை,
அக்டோபர் 14, திங்கள்.

என் செல்ல மகள் ஜிபாருக்கு அம்மா எழுதுவது. இங்கே ஆளும் சுகம், ஆடு மாடும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் பனி விழுவதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டது. நீ அங்கே ஜெர்மனியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, வெளியே போனால் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, போனில் கேட்டால் எல்லாம் நல்லாருக்கும்மா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு மருமகள் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புகிறேன். காலுறையைக் காலில் போட்டுக்கொள், பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

உன் ஸ்டூடியோவில் புதிது வந்ததும் பழைய ஒலிபெருக்கிகள் பன்னிரண்டையும் நம் இசைப்பள்ளிக்குக் கேட்டு வாங்கி அனுப்பினாயே, அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். பெட்டிகள் வந்து இறங்கிய அன்று சாமான் அறைக்காரி என்ற முறையில் கையெழுத்துப் போட்டவள் நான். தலைமையாசிரியர் தலாய் பார்த்துவிட்டு, என்ன அக்கா, உங்க பொண்ணு கடையையே தூக்கி அனுப்பிட்டாளா என்று சிரித்தார், சிரித்த கையோடு நடன வகுப்பு நடந்த மேற்கு அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆனால் ஒரு கொக்கியும் போட்டார். நாற்பது வருஷம் அங்கே கோமுஸ் தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்த ஷார்ஷென் ஐயா வந்து பார்த்து, இது வகுப்புதான் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் அறை நமக்கு, சொல்லாவிட்டால் அறை மறுபடி நடனத்துக்கு, பெட்டிகள் என் சாமான் அறைக்கு. அவர் வேண்டாம் என்றால் நம் ஊரில் யார் மீற முடியும், உனக்கே தெரியும். இந்த ஒலியமைப்பு வகுப்பை எடுப்பதற்காகவே தலைநகர் பிஷ்கேக்கில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாளே பெகாயிம், அவள் பாடுதான் திண்டாட்டம். நல்ல பெண், ஆனால் கோழிக்குஞ்சு மாதிரி சாப்பிடுகிறாள்.

நீ அனுப்பிய வரைபடத்தை உன் அப்பா சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். சுற்றி ஏழு பெட்டி, தரையில் அதிரும் பெரிய பெட்டி ஒன்று, தலைக்கு மேல் நான்கு. கூரைப் பூச்சு ஆணியைத் தாங்காது என்று தெரிந்ததும் சுவருக்குச் சுவர் இரண்டு பைன் உத்தரம் ஓடவிட்டு அதில் தொங்கவிட்டார். ஏணி மேல் நின்றுகொண்டு, ஊர்ல பொண்ணுங்க அப்பனுக்குச் சட்டை அனுப்பறாங்க, என் பொண்ணு உத்தரத்துல ஏத்திவிட்டு வேடிக்கை பார்க்கறா என்று கத்தினார், சந்தோஷம்தான். சுற்றியுள்ள பெட்டிகள் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அவர் தன் காதை அளந்து வைத்துவிட்டார். பெகாயிம் வந்து, ஐயா, பத்து வயசுப் பிள்ளைங்க ஒட்டகமா என்று கேட்டு எல்லாவற்றையும் ஒரு சாண் இறக்க வைத்தாள். எதிரொலியை அடக்கச் சுவருக்கு மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றாயே, பிள்ளைகளின் வீடுகளிலிருந்து கம்பளி விரிப்புகளாக வந்து குவிந்தன. அந்த ஊர்ப் பஞ்சுப் பலகையெல்லாம் நம் ஆட்டு ரோமத்துக்கு முன்னால் நிற்குமா. பெரிய பெட்டி அதிர்ந்தால் வெந்நீர்க் குழாயும் கூடவே முனகியது, அதற்கும் கம்பளியைச் சுற்றினோம். பிறகு பெகாயிம் அறையின் நடுவில் தரையில் பெருக்கல் குறி மாதிரி நாடா ஒட்டி, அதன் மேல் ஒரு நாற்காலி போட்டாள். பிள்ளைகள் ஒவ்வொரு சத்தத்தையும் அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தக் கற்பார்களாம், ஒவ்வொருவராக இதில் உட்கார்ந்து சரிபார்ப்பார்களாம்.

தப்பு செய்தது நான்தான், மறைக்காமல் எழுதுகிறேன். ஷார்ஷென் ஐயா வரும் சனிக்கிழமை காலையில் அறையைப் பெருக்கப் போனேன். கம்ப்யூட்டரும் முன்பக்கப் பெட்டிகளும் வாசல் சுவரில் இருக்கின்றன, ஜன்னல் எதிர்ச் சுவரில் என்பதால் வேறு வழியில்லை. அதனால் அந்த நாற்காலி வாசலைப் பார்த்து, பெரியவர்கள் உட்காரும் எதிர்ச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரியவருக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு நாற்காலியா என்று தூக்கி மூலையில் வைத்துவிட்டேன். நாடாக் குறி மேல் விருந்து விரிப்பை விரித்து வெந்நீர் கொதிக்கும் சமோவாரையும் பொரித்த மாவுருண்டையையும் ஜாமையும் வைத்து, தேநீர் ஊற்ற நானே உட்கார்ந்துகொண்டேன். பெகாயிம் வந்து பார்த்தபோது விருந்தாளிகள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், பாவம், எதையும் மாற்ற நேரமில்லாமல் நேராகக் கம்ப்யூட்டர் பக்கம் போனாள்.

ஷார்ஷென் ஐயாவை முறைப்படி எதிர்ச் சுவரில் மூன்று மெத்தை போட்டு உட்கார வைத்தோம், சரியாகப் பின்பக்கப் பெட்டியின் வாயில். மற்றவர்கள் வயசுப்படி இரண்டு பக்கமும். போன ஜூலையில் நீ வந்து பள்ளி மண்டபத்தில் பதிவு செய்தாயே, இருபது பிள்ளைகள் கோமுஸ் வாசித்தது, அதைப் பெகாயிம் ஓடவிட்டாள். ஐயா ஒரு பாட்டு முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளைங்க எங்கம்மா, எனக்குக் கிணத்துக்குள்ள யாரோ வாசிக்கிற மாதிரில்ல கேக்குது என்றார். இடது பக்கம் இருந்த கணக்கு ஆசிரியர், எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான் கேக்குது, அதுவும் சுதி விலகி என்றார். தலாய் தலையைக் குனிந்துகொண்டார். ஐயா தேநீர் போதும் என்று கோப்பையைக் கவிழ்த்து வைத்து, நல்ல மனசோட அனுப்பியிருக்கா அந்தப் பொண்ணு, ஆனா நடனப் பிள்ளைங்க தாழ்வாரத்துல ஆடிக்கிட்டு நிக்குதுங்களே என்றார். அவ்வளவுதான், அறை கையை விட்டுப் போகிறது.

எனக்கோ ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் எனக்கு எல்லாம் கேட்டதடி. சமோவார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இருபது பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள், மண்டபத்துக் கூரை தலைக்கு மேல் இருந்தது. பெகாயிமைப் பார்த்தேன், அவள் கண்ணால் சமோவாருக்கு அடியைக் காட்டினாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த அறையில் கேட்கிற இடம் ஒன்றே ஒன்று, அதில் தேநீர் ஊற்றுகிறவள் உட்கார்ந்திருக்கிறேன். ஐயாவிடம், எழுந்து வாங்க, தேநீர் ஊற்றும் மருமகள் உட்காரும் இடத்தில் உட்காருங்க என்று எந்த வாயால் சொல்வது? கையைத் துடைக்கத் துணி தேடி மேலங்கிப் பையில் விட்டபோது உன் காலுறை பின்னிய நூல் கிடைத்தது, கறுப்பும் வெள்ளையும். தலாயிடம் சமோவாரைத் தூக்கச் சொல்லிவிட்டு, மூலையிலிருந்த நாற்காலியைக் கொண்டு வந்து குறி மேல் போட்டு, இரண்டு நூலையும் முறுக்கி அதன் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். ஐயா, குழந்தை நடக்க ஆரம்பிச்சா கால்ல கயிறு கட்டிப் பெரியவங்க கையால அறுக்கறோம், இந்த வகுப்பு இன்னிக்குத்தான் முதல் அடி வைக்குது, நீங்க அறுத்துட்டு உக்காருங்க, அப்புறம் நடனத்துக்குக் கொடுக்கறதானாலும் கொடுங்க என்றேன். இதற்கு மட்டும் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லையே. எழுந்து வந்தார், கத்தியை எடுத்து அறுத்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பெகாயிம் மறுபடி ஓடவிட்டாள்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் ஜிபார். முதலில் வலது பக்கம் திரும்பினார், அப்புறம் இடது பக்கம், அப்புறம் கூரையைப் பார்த்தார். மூணாவது வரிசைப் பையன் கட்டை விரலைத் தப்பா வைக்கிறான் என்று சொல்லி அந்தத் திசையில் கையை நீட்டினார், அங்கே சுவரில் கம்பளிதான் இருந்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது வகுப்புதான், நடனத்துக்கு மண்டப மேடையைக் கொடுங்க என்று தலாயிடம் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து நேராக என்னிடம் வந்து கையிலிருந்த கெட்டிலைப் பிடுங்கினார். நீ போய் உக்காரு குல்சைரா, உன் பொண்ணு பண்ணினது, இன்னிக்கு நான் ஊத்தறேன் என்றார். எண்பது வயசு மனிதர் ஊற்ற, நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பதிவில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் குசுகுசுக்கிறார்கள், ஒன்று மூக்கை உறிஞ்சுகிறது, அப்போது எனக்குப் பின்னால் வலது தோளுக்குப் பக்கத்தில் நீ மெதுவாகச் சொன்னாய், பயப்படாதீங்க, நான் இங்கயேதான் நிக்கறேன் என்று. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஷார்ஷென் ஐயா கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

நாளை முதல் வகுப்பு, பதினோரு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். நீ வேளைக்குத் தூங்கு, வேலை வேலை என்று ஹெட்போனைக் காதிலேயே வைத்துக் காதைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு கையையும் விரித்து உனக்காக வேண்டிக்கொள்கிறேன், உன் பாதை திறந்திருக்கட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், உன்னைச் சுற்றி எப்போதும் நல்ல மனிதர்கள் இருக்கட்டும். முக்கியமான ஒன்றை மறந்துவிடாதே. பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து வேறு பதிவு அனுப்பப் போகிறாய் என்று பெகாயிம் சொன்னாள். அனுப்ப வேண்டாம். எனக்கு அறைச் சாவி இருக்கிறது, பெருக்கி முடித்ததும் தினமும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்கிறேன்.

உன் அம்மா,
குல்சைரா