கூப்பிட்டால்தான் சாப்பிடுகிறான்

ராஜகீழ்ப்பாக்கம்
ஜூன் 2

அன்புள்ள தமிழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் சாம்பசிவன் மாமாவும் சுகம், உன் தம்பி வினோத் செத்த பிறகு எப்படி இருந்தானோ அப்படியே இருக்கிறான், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பின்லாந்துக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும். போனை விட்டுவிட்டு இதென்ன காகிதம் என்பாய், போனில் பேசினால் அவனுக்குக் கேட்டுவிடும், மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு கீழ்வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுகிறான். உட்கார்ந்து எழுதவும் முடியவில்லை, இதற்குள் இரண்டு முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமில்லை.

மாமா மேல் உனக்குக் கோபம், நியாயம்தான். ஐப்பசியில் காய்ச்சலில் போனவனை உன் விமானம் வரும்வரை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்தோம், காலேஜ் லேபில் முப்பது வருஷம் தவளைக்குக் கரண்ட் கொடுத்த மனுஷன் அந்த இரண்டு நாள் சும்மா இருப்பாரா, அவனுக்கும் கொடுத்துவிட்டார். நீ உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்து வாக்கா என்றான், நீ வந்த டாக்சியிலேயே திரும்பிவிட்டாய். எட்டு மாதமாக அவனோடு ஒரு வார்த்தை இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நானே ஒரு வாரம் அவன் பக்கம் போகவில்லை.

அவன் சாப்பாடுதான் இப்போது கவலை. அப்பாவுக்கு அமாவாசையன்று வைப்பது போல இலை போட்டு, கற்பூரம் ஏற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படைத்தால்தான் இறங்குகிறது. மூன்று நாள் விட்டால் விரல் மடங்காது. எனக்கு இருபத்தெட்டாம் தேதி கர்ப்பப்பை ஆபரேஷன், பத்து நாள் எழுந்திருக்கக் கூடாதாம், அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. மாமா ஒருநாள் வைத்துப் பார்த்தார், கற்பூரத்தைத் தராசில் நிறுத்து, சோற்றில் தெர்மாமீட்டர் செருகி எல்லாம் செய்தார், மண்ணு மாதிரி இருக்கு மாமா என்று துப்பிவிட்டான். ரீடிங் எல்லாம் கரெக்டா இருக்கே கனகா என்று என்னிடம் கேட்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா அண்ணா என்றேன், எழுந்து பால்கனியில் போய் நின்றுகொண்டார். பாவம், செய்தது அவருக்கும் உறுத்துகிறது. இதற்கு நடுவில் அசோசியேஷன் செக்ரட்டரி சத்யநாராயணன் வேறு, மேடம், பையனை ரெஜிஸ்டர்ல ரெசிடெண்ட்னு போடறதா கெஸ்ட்னு போடறதா என்று தினமும் பெல் அடிக்கிறார்.

பத்து நாள் யார் கூப்பிடுவார்கள் என்று தூக்கமே இல்லாமல் கிடந்தேன். போன வியாழக்கிழமை மத்தியானம் இலை போட்டுக் கூப்பிட்டால், வேணாம்மா, வயிறு ஃபுல்லா இருக்கு என்கிறான். எப்படிடா என்றேன். அக்கா வச்சா, கண்ணாடித் தட்டுல சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, கற்பூரத்துக்குப் பதிலா ஏதோ வாசனை மெழுகுவத்தி, ரொம்ப நேரம் அழுதுட்டுதான் பேரைச் சொன்னா என்றான். சொல்லிவிட்டு இவனும் அழுதான், செத்த பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை.

எங்களுக்குத் தெரியாமல் வைத்தாய், தெரியாதது போலவே இருக்கிறேன், வரச் சொல்லவும் இல்லை. இருபத்தெட்டிலிருந்து பத்து நாள் அங்கிருந்தே கூப்பிடு, அது போதும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். படைப்பதை ருசி பார்க்கக் கூடாதுதான், அதனால் பார்த்துப் போடு, உப்பு கம்மியாம்.

உன் அம்மா,
கனகவல்லி